கடைக்கு ஒரு படிக்கட்டு: ரோமின் ரேஸ் மைதானமும் அதை ஒட்டிய பேட்டைகளும்

2023 ஆகஸ்ட் 7-ம் தேதி இரவு ரோம் நகரத்தில் பல வீடுகளில் ஜன்னல் அதிர்ந்தது. பூகம்பம்னு பயந்து எமர்ஜென்சி நம்பருக்குப் போன் மேல் போன். கடைசியில் பார்த்தால் பூகம்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. ட்ராவிஸ் ஸ்காட் கச்சேரி! சுமார் 60,000 பேர் ஒரே பீட்டுக்குச் சேர்ந்து குதித்ததில், நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளே அதைப் பிடித்துவிட்டன. இனிமேல் இந்த இடத்தில் ராக் கச்சேரி வேண்டவே வேண்டாம் என்று தொல்லியல் துறை ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அந்த இடத்தின் பெயர் சர்க்கஸ் மாக்சிமஸ். இன்று போய்ப் பார்த்தால் நீளமான ஒரு புல்வெளிப் பள்ளம், அவ்வளவுதான். ஆனால் 2000 வருஷத்துக்கு முன்னால் உலகத்திலேயே பெரிய ஸ்டேடியம் அதுதான். 60,000 பேருக்கே அக்கம்பக்கம் ஆடியது என்றால், 1,50,000 பேர் உட்கார்ந்து கத்திய காலத்தில் பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றியது. ரேஸ் பற்றி நிறைய சினிமா வந்துவிட்டது, 'பென்-ஹர்' பார்க்காதவர்கூட அந்த ரதக் காட்சியை எங்கேயாவது ஒரு கிளிப்பாகப் பார்த்திருப்பார். ஆனால் ரேஸ் கோர்ஸும் அதைச் சுற்றிய ஊரும் எப்படி ஒரே கட்டடமாக ஒட்டிக்கொண்டிருந்தன, அப்படி ஒட்டியதால் என்ன லாபம், என்ன விபரீதம் என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் சிவில் டிபார்ட்மென்ட் என்பதால் எனக்கு அதுதான் சுவாரஸ்யமாகப் பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சர்க்கஸ் என்றதும் நமக்கு ஜோக்கர், சிங்கம், ஊஞ்சல்தான் ஞாபகம் வரும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வட்டம், சுற்று என்று பொருள். ரதங்கள் சுற்றி ஓடுவதால் ரேஸ் மைதானத்துக்கு அந்தப் பெயர். மாக்சிமஸ் என்றால் மிகப் பெரியது. ஆக 'பெரிய சுற்று'. அவ்வளவுதான் விஷயம்.

பாலடைன், அவென்டைன் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஒரு ஓடை. இரண்டு பக்கமும் சரிவு இயற்கையாகவே இருப்பதால், காலரி கட்டாமலே காலரி ரெடி! ஆரம்பத்தில் ஜனங்கள் சரிவில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஓடையை வடிகாலாக்கி ஓரங்கட்டினார்கள், பிறகு மரத்தில் இருக்கைகள் போட்டார்கள், நூற்றாண்டுகள் போகப் போக கீழ்வரிசைகள் கல்லாக மாறின. இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்து வரைந்த டிசைன் இல்லை அது. பள்ளத்தாக்கே டிசைன் செய்தது. கடைசியில் சுமார் 600 மீட்டர் நீளம் வந்தது. நடுவில் ஒரு நீண்ட தடுப்பு மேடை, அதன் இரண்டு முனைகளிலும் திருப்பக் கம்பங்கள். ஒரு ரேஸுக்கு ஏழு சுற்று, எப்போதும் இடது பக்கத் திருப்பம். சுற்றுகளை எண்ணுவதற்கு மேடையில் முட்டை வடிவங்களும், கி.மு. 33-ல் அக்ரிப்பா வைத்த டால்பின் பொம்மைகளும் இருந்தன. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை மாற்றுவார்கள். அந்தக் காலத்து ஸ்கோர்போர்டு.

பேட்டைக்குப் போவதற்கு முன்னால் ஸ்டார்ட்டிங் கேட் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான்கு அணிகள்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. அணிக்கு மூன்று ரதம் என்றால் 12 ரதம், 12 கேட். எல்லா ரதமும் கிளம்பியதும் நடு மேடைக்கு வலது பக்கம் உள்ள ஓடுபாதைக்குள் நுழைய வேண்டும். கேட்டுகளை நேர்க்கோட்டில் வைத்தால் என்ன ஆகும்? வலது ஓரத்து ரதம் நேராகப் போய்விடும், இடது ஓரத்து ரதம் குறுக்கே நீண்ட தூரம் வர வேண்டும். அநியாயம். ரோமானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுபாதை தொடங்கும் இடத்தை மையமாக வைத்து, காம்பஸால் வரைந்த மாதிரி ஒரு வில் போட்டார்கள். அந்த வில்லின் மேல் 12 கேட். மையத்திலிருந்து வில்லின் எந்தப் புள்ளிக்கும் ஒரே தூரம்தானே! ஆரம் சமம், அதனால் ஓட்டமும் சமம். ஒன்பதாம் வகுப்பு ஜியோமெட்ரி. அதன் பிறகும் யாருக்கு எந்த கேட் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ரோமுக்கு வெளியே ஆப்பியன் சாலையில் மாக்சென்டியஸ் கட்டிய சர்க்கஸ் இன்றும் ஓரளவு முழுசாக நிற்கிறது. அங்கே இந்த வில்லை நேரிலேயே பார்க்கலாம், நடு மேடையைக்கூட வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், தொடக்கத்தில் ரதங்கள் நெருக்கியடிக்காமல் இருக்க.

குதிரைக்கும் ரதத்துக்கும் இத்தனை யோசித்தவர்கள் மனிதர்களுக்கு என்ன யோசித்தார்கள்? இதற்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். ஹாலிகார்னாசஸ் ஊர்க்காரரான டயோனிசியஸ், கிரேக்கர், ரோமில் வந்து குடியேறி ரோமின் வரலாற்றை எழுதியவர். கி.மு. 7-ல் வெளிவந்த அந்த நூலில் சர்க்கஸ் மாக்சிமஸை அளவோடு விவரிக்கிறார். 1,50,000 பேர் உட்காரலாம் என்பது அவர் சொல்லும் கணக்குதான். பின்னால் வந்த பிளினி 2,50,000 என்கிறார், அது கொஞ்சம் ஓவர் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் எண்ணம்.

டயோனிசியஸ் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மைதானத்தின் வெளிச்சுற்றில் ஒரு மாடி உயரத்துக்கு ஒரு தாழ்வாரம் ஓடியது. அதில் வரிசையாகக் கடைகள். கடைகளுக்கு மேலே குடியிருப்புகள். ஒவ்வொரு கடையை ஒட்டியும் ஒரு நுழைவாயில், மேலே இருக்கைக்குப் போக ஒரு படிக்கட்டு. அதனால் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் இடிபடாமல் உள்ளே போய் வெளியே வரலாம் என்கிறார்.

இதை இரண்டாவது தடவை படித்துப் பார்த்தேன். ஆடிட்டோரியத்தில் கல்ச்சுரல்ஸ் முடிந்ததும் இரண்டே கதவில் மொத்தக் காலேஜும் முட்டி மோதி வெளியே வருமே, அந்தப் பிரச்சினைக்கு 2000 வருஷத்துக்கு முன்பே பதில். பெரிய வாசல் நாலு வைக்காதே, சின்ன வாசல் நூறு வை. கூட்டத்தை ஒரு இடத்தில் சேரவிடாமல் பிரித்து விடு. இன்றைய ஸ்டேடியம் டிசைனிலும் இதே கொள்கைதான்.

ஆனால் கவனியுங்கள், அந்தப் படிக்கட்டு கடையோடு சேர்ந்தது. கடை வீட்டோடு சேர்ந்தது. வீட்டின் பின்பக்கம் ஸ்டேடியத்தின் காலரி. அதாவது ஸ்டேடியம் எங்கே முடிகிறது, பேட்டை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. காலரியின் முதுகில்தான் ஒரு பஜார் பிழைப்பு நடத்தியது.

யார் யார் அந்தக் கடைகளில் இருந்தார்கள்? ஒருவரின் பெயர் கல்வெட்டில் அப்படியே கிடைத்திருக்கிறது. கையஸ் ஜூலியஸ் எபாஃப்ரா, பழக்கடைக்காரர். விலாசம்: சர்க்கஸ் மாக்சிமஸ், புல்வினாருக்கு எதிரில். புல்வினார் என்பது பாலடைன் பக்கம் கடவுள் சிலைகளையும் பேரரசரையும் உட்கார வைக்கும் பெரிய மண்டபம். கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது, லேண்ட்மார்க் சொன்னால் போதும். செத்த பிறகும் கடையின் விலாசத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அது நல்ல ஸ்பாட் என்றுதான் அர்த்தம்! அப்புறம் ஜோசியர்கள். சர்க்கஸ் பக்கம் உட்கார்ந்து ஜாதகம் சொல்பவர்களை சிசரோ நக்கலாகக் குறிப்பிடுகிறார். கவிஞர் ஹொரேஸ் சாயங்காலம் அந்தப் பக்கம் காலார நடந்து குறி சொல்பவர்களை வேடிக்கை பார்ப்பது தன் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். ரேஸ் இல்லாத நாளிலும் அங்கே கூட்டம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ரேஸ் நாளில் இன்னொரு விசேஷம். தியேட்டரிலும் கிளாடியேட்டர் சண்டையிலும் பெண்களைத் தனியாக உட்கார வைத்த ரோமானியர்கள் சர்க்கஸில் மட்டும் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார விட்டார்கள். இருக்கைகள் நெருக்கம் வேறு. ஓவிட் என்ற கவிஞர் காதல் கலை பற்றி எழுதிய நூலில், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தனியாக டிப்ஸ் கொடுத்திருக்கிறார். மேலே விவரம் வேண்டுபவர்கள் நூலகத்தில் தேடிக்கொள்ளவும்.

அப்போது ரோமின் மக்கள்தொகை சுமார் பத்து லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. அதில் ஒன்றரை லட்சம் பேர் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தால் மீதி ஊர் என்ன ஆகும்? காலியாகும். திருடர்களுக்குக் கொண்டாட்டம்! பேரரசர் அகஸ்டஸ் காட்சி நாட்களில் ஊரின் பல பகுதிகளில் காவலர்களை நிறுத்தினார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கொள்ளை நடக்காமல் இருக்க. ஒரு ஸ்டேடியத்தின் டிக்கெட் கூட்டம் மொத்த நகரத்தின் போலீஸ் டூட்டி சார்ட்டையே மாற்றியது.

கூட்டத்தின் இன்னொரு முகமும் உண்டு. இலவச இடம் பிடிக்க ஜனங்கள் நடுராத்திரியே வந்து சர்க்கஸில் துண்டு போட ஆரம்பித்துவிடுவார்கள். அரண்மனை மேலே பாலடைன் குன்றில். சத்தத்தில் கலிகுலாவுக்குத் தூக்கம் கெட்டது. தடியால் அடித்து விரட்டச் சொன்னார். அந்தத் தள்ளுமுள்ளில் உயர்குடி ஆண்கள் இருபதுக்கும் மேல், பெண்களும் அதே அளவு, சாதாரண ஜனங்கள் கணக்கில்லாமல் நசுங்கிச் செத்தார்கள் என்கிறார் அதே சூட்டோனியஸ். கடைக்கு ஒரு படிக்கட்டு இருந்த அதே இடம். வாசல் எத்தனை இருந்தாலும், இருட்டில் ஒரே திசையில் பீதியோடு ஓடும் கூட்டத்துக்கு அது போதாது.

இப்போது கொஞ்சம் மேப் பார்ப்போம். டயோனிசியஸின் நூல் வந்த அதே கி.மு. 7-ல் அகஸ்டஸ் ரோம் நகரத்தை 14 வட்டாரங்களாகப் பிரித்தார். நம்ம மாநகராட்சி மண்டலம் மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் பல பேட்டைகள், பேட்டைக்குப் பேட்டை அங்கேயே குடியிருப்பவர்களில் இருந்து பொறுப்பாளர்கள். பிளினி காலத்தில் மொத்தம் 265 பேட்டைகள். இந்தப் பிரிவினையில் தீயணைப்புக்கும் பங்கு இருந்தது: தீயை அணைக்கும் அடிமைகளை முதலில் இந்தப் பேட்டைப் பொறுப்பாளர்களிடம்தான் ஒப்படைத்தார்கள். அது சரிப்படாமல் கி.பி. 6-ல் விஜிலீஸ் என்ற முழுநேரத் தீயணைப்புப் படை வந்தது. ஏழு பிரிவு, இரண்டு வட்டாரத்துக்கு ஒரு பிரிவு. கையில் வாளி, கோடரி, கைப்பம்பு.

இந்த 14 வட்டாரங்களுக்கும் காலப்போக்கில் பெயர்கள் ஒட்டின. 11-வது வட்டாரத்தின் பெயர் சர்க்கஸ் மாக்சிமஸ். 9-வது வட்டாரத்தின் பெயர் சர்க்கஸ் ஃப்ளாமினியஸ். பதினாலில் இரண்டு, ரேஸ் கோர்ஸ் பெயர்! அங்கே வாழ்ந்தவர்களுக்கு, 'நான் சர்க்கஸ்காரன்' என்பது ஏரியா அடையாளம்.

அந்த இரண்டாவது சர்க்கஸின் கதை முற்றிலும் வேறு. கி.மு. 220 வாக்கில் ஃப்ளாமினியஸ் என்ற அதிகாரி டைபர் ஆற்றங்கரைப் பக்கம் அமைத்தது. காலரி எதுவும் கட்டவில்லை, பெரிய திறந்தவெளி மட்டும். எப்போதாவது குதிரை ஓடியது, மற்ற நேரம் சந்தை, பொதுக்கூட்டம், வெற்றி ஊர்வலத்துக்கு அணிவகுக்கும் இடம். கி.மு. 2-ல் அகஸ்டஸ் அங்கே தண்ணீரை நிரப்பி 36 முதலைகளைக் கொன்று காட்சி நடத்தினார். திறந்தவெளி என்றால் அப்புறம் என்ன நடக்கும் என்று தெரியாதா? ஓரத்தில் ஒரு கோயில், பக்கத்தில் இன்னொரு கோயில், ஒரு தூண் மண்டபம், ஒரு தியேட்டர். ஆக்கிரமிப்புதான், ஆனால் எல்லாம் தளபதிகளும் அரச குடும்பமும் செய்த பளிங்கு ஆக்கிரமிப்பு. மைதானம் சுருங்கிச் சுருங்கி ஒரு சதுக்கமானது, பெயர் மட்டும் விரிந்து ஒரு வட்டாரமே ஆனது.

எந்த அளவுக்கு மறைந்தது என்றால், நவீன ஆய்வாளர்கள் அது இருந்த இடத்தையே ரொம்ப காலம் தப்பாகக் குறித்து வைத்திருந்தார்கள். கி.பி. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமின் முழு வரைபடத்தையும் பளிங்குப் பலகைகளில் 1:240 அளவில் செதுக்கி ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். அது உடைந்து பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஜிக்சா பஸில் மாதிரி அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்த குக்லியெல்மோ காட்டி என்பவர் 1960-ல், சர்க்கஸ் ஃப்ளாமினியஸின் இடிபாடு என்று எல்லோரும் நம்பியது உண்மையில் பால்பஸ் கட்டிய தியேட்டர் வளாகத்தைச் சேர்ந்தது, சர்க்கஸ் அதற்குத் தெற்கே ஆற்றை ஒட்டி இருந்தது என்று நிரூபித்தார். ஒரு ரேஸ் மைதானமே லொகேஷன் தப்பாகப் பின் ஆகியிருந்தது!

சரி, பெரிய சர்க்கஸுக்குத் திரும்புவோம். இனிமேல்தான் விஷயமே.

மேல் வரிசைகள் மரம். வெளிச்சுற்றில் கடைகள், அவற்றில் எண்ணெய், துணி, என்னென்னவோ. மேலே குடும்பங்கள், அடுப்பு, விளக்கு. பள்ளத்தாக்கின் நீளம் முழுக்க இதே வரிசை இடைவெளியே இல்லாமல். பர்ஸ்ட் இயர் பையனுக்குக்கூட இதில் என்ன ஆபத்து என்று தெரியும். ரோமானியர்களுக்குத் தெரியாமல் இல்லை, ஏனென்றால் கி.மு. 31-லேயே சர்க்கஸின் பெரும்பகுதி ஒரு தடவை எரிந்திருக்கிறது. கி.பி. 36-ல் மறுபடியும். இந்தத் தடவை அவென்டைன் குன்றை ஒட்டிய பக்கம் எரிந்து, தீ குன்றின் மேலேயும் ஏறியது. பேரரசர் டைபீரியஸ் வீடு இழந்தவர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் 10 கோடி செஸ்டர்ஸ் நஷ்டஈடு கொடுத்தார். (ஒரு ஒப்பீட்டுக்கு: அடுத்த நூற்றாண்டில் டயோக்ளிஸ் என்ற ரத வீரர் 24 வருஷ கேரியரில் ஜெயித்த பரிசுத்தொகை 3,58,63,120 செஸ்டர்ஸ். ஒரு குன்று எரிந்த நஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆள் குதிரை ஓட்டிச் சம்பாதித்தார்.)

நஷ்டஈடு கொடுத்தாயிற்று. அடுத்து டிசைனை மாற்றினார்களா? அடுத்து ஆட்சிக்கு வந்து சில வருஷத்தில் போன கலிகுலாவை விடுங்கள். அதன் பின் வந்த கிளாடியஸ் சர்க்கஸுக்கு நிஜமாகவே செலவு செய்தார். எதற்குத் தெரியுமா? முன்பு சாதாரணக் கல்லில் இருந்த ஸ்டார்ட்டிங் கேட்டைப் பளிங்காக்கினார். மரத்தில் இருந்த திருப்பக் கம்பங்களுக்குத் தங்க முலாம். குதிரை நிற்கும் இடத்துக்குப் பளிங்கு, மனிதன் உட்காரும் மேல் வரிசைக்கு அதே மரம். டிவியில் எது தெரியுமோ அதற்கு மட்டும் பெயின்ட் அடிப்பது இன்று நேற்றைய பழக்கம் இல்லை போல.

நீரோ ஒரு படி மேலே போனார். இதற்கு ஒரு முன்கதை. கி.மு. 55-ல் பாம்பே நடத்திய காட்சியில் யானைகளைச் சர்க்கஸில் இறக்கிச் சண்டை விட்டார்கள், அவை கூட்டமாக இரும்புக் கம்பித் தடுப்பை முட்டித் தள்ளப் பார்த்தன. ஜனங்கள் அலறிவிட்டார்கள். அதனால் ஜூலியஸ் சீசர் ஓடுபாதைக்கும் காலரிக்கும் நடுவே தண்ணீர்க் கால்வாய் வெட்டினார், பத்தடி அகலம் பத்தடி ஆழம். நீரோ அந்தக் கால்வாயை மூடி, அந்த இடத்தில் உயர்குடியினருக்குக் கூடுதல் சீட் போட்டார். யானைக்கு வெட்டிய கால்வாயால் பெரிய தீயை அணைத்திருக்க முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பக்கம் முடிவெடுத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். சேஃப்டியா, சீட்டா என்று வந்தபோது சீட் ஜெயித்தது.

கி.பி. 64, ஜூலை 18 இரவு. டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கிறார்: பாலடைன், சீலியன் குன்றுகளை ஒட்டிய சர்க்கஸ் பகுதி, தீப்பிடிக்கும் சரக்கு வைத்திருந்த கடைகள். பிடித்த நொடியே பலமான தீ. காற்று வேறு. சர்க்கஸின் நீளம் முழுவதையும் ஒரே வீச்சில் பிடித்தது, ஏனென்றால் நடுவே அதைத் தாமதப்படுத்த மதில் சூழ்ந்த மாளிகையோ சுற்றுச்சுவர் உள்ள கோயிலோ எதுவுமே இல்லை என்கிறார். டயோனிசியஸ் பாராட்டிய அதே வரிசை! கூட்டத்துக்கு எது இடையூறில்லாத பாதையோ, தீக்கும் அதுவே இடையூறில்லாத பாதை. 600 மீட்டர் நீளத்துக்குக் கடையும் படிக்கட்டும் மாறி மாறி வந்தால் அது ஒரு திரி. இரண்டு பக்கமும் குன்று இருக்கும் பள்ளத்தாக்கு என்றால் காற்றுக்கு அது ஒரு குழாய்.

முதலில் சமதரையில் ஓடிய தீ பிறகு குன்றுகளில் ஏறி, மறுபடி கீழே இறங்கியது. குறுகலான, வளைந்து வளைந்து போகும் பழைய தெருக்கள். ஜனங்கள் எங்கே ஓடுவது என்றே தெரியாமல் பக்கத்து வட்டாரத்துக்குப் போனால் அங்கேயும் தீ. வாளியோடு வந்த விஜிலீஸ் படையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறாவது நாள் எஸ்குலைன் குன்றின் அடியில் கட்டடங்களை இடித்து வெற்றிடம் உண்டாக்கித்தான் நிறுத்தினார்கள். பிறகு மீண்டும் ஒரு இடத்தில் கிளம்பியது. கணக்கை டாசிட்டஸ் வட்டார வாரியாகச் சொல்கிறார்: பதினாலில் நாலு முழுசாகத் தப்பின, மூன்று தரைமட்டம், ஏழில் எரிந்த மிச்சங்கள் மட்டும். நீரோ பிடில் வாசித்தாரா என்று கேட்காதீர்கள். பிடில் என்ற கருவியே அப்போது கிடையாது, தீ பிடித்த நேரம் அவர் ஊரிலும் இல்லை.

அதற்கப்புறம் வந்த விதிகளைப் படித்தால் ஒவ்வொன்றும் எங்கே தப்பு நடந்தது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. தெருக்கள் அளந்து அகலமாக. கட்டட உயரத்துக்கு வரம்பு. இரண்டு வீட்டுக்குப் பொதுச் சுவர் கூடாது, அவரவருக்குத் தனிச் சுவர். கட்டடத்தின் ஒரு பகுதி உத்தரக் கட்டை இல்லாமல், தீ தாங்கும் காபி அல்லது ஆல்பா கல்லில். வீட்டு முகப்பில் தாழ்வாரம், தீயணைப்பவர்கள் நிற்பதற்கு. தனியார் திருட்டுத்தனமாக இழுத்திருந்த தண்ணீரை மீட்டுப் பொது இடங்களில் கிடைக்கச் செய்ய ஆட்கள். இதெல்லாம் வந்தபோது ஜனங்களில் ஒரு கோஷ்டி முனகியது, பழைய குறுகிய தெருவில் நிழலாவது இருந்தது, இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று. டாசிட்டஸ் அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கோஷ்டி மேல் கோபம் வரவில்லை. ஜூலை மாத ரோமில் அவர்கள் சொன்னதும் உண்மைதானே.

சர்க்கஸ் பிறகு மறுபடியும் எரிந்தது, இந்த முறை இரண்டு நீளப் பக்கங்களும். ட்ராஜன் காலத்தில், கி.பி. 103 வாக்கில், டொமிஷியன் கட்டியிருந்த செயற்கைக் கடற்போர்க் குளத்தைப் பிரித்தெடுத்த கல்லைக் கொண்டு வந்து பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். கல்லும் கான்கிரீட்டும் செங்கல்லும், கூடவே 5,000 சீட் எக்ஸ்ட்ரா. ஆனால் கடைகளை வெளியேற்றவில்லை. வளைவுக் கூரை போட்ட அறைகளாகக் காலரிக்கு அடியிலேயே வைத்துக் கட்டினார்கள். சில அறைகள் கடை, சில அறைகள் உள்ளே போகும் வழி, சில அறைகளில் படிக்கட்டு. பழைய ஐடியாவை விடவில்லை, மெட்டீரியலை மாற்றினார்கள். இதுதான் சரியான முடிவு என்பது என் கட்சி. பேட்டையைத் துரத்திவிட்டு ஸ்டேடியத்தைத் தனியாக வேலி போட்டு நிறுத்தியிருந்தால், ரேஸ் இல்லாத நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கு செத்த இடமாகியிருக்கும், ஜோசியருக்கும் பழக்காரருக்கும் போக்கிடம் இருந்திருக்காது.

விபத்து அதோடு நின்றதா என்றால் இல்லை. அன்டோனைனஸ் பயஸ் காலத்தில் ரேஸ் நடக்கும்போது தூண் சரிந்து 1,112 பேர் செத்தார்கள் என்று 354-ம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. தீக்குப் பதில் சொன்னார்கள், பாரத்துக்கு இன்னும் பதில் மிச்சம் இருந்தது.

கடைசி ரேஸ் கி.பி. 549-ல், கோத் அரசன் டோட்டிலா நடத்தியது. அப்புறம் குன்றுகளிலிருந்து மண் வழிந்து, ஓடை பழையபடி தன் வேலையைக் காட்டி, பள்ளத்தாக்கு மெல்ல மூடிக்கொண்டது. நூற்றாண்டுகள் காய்கறித் தோட்டமாகக் கிடந்தது. 1850-களில் அங்கே ஒன்று கட்டினார்கள், நம்பமாட்டீர்கள்: நகரத்துக்கு விளக்கெரிக்கும் காஸ் தயாரிக்கும் தொழிற்சாலை! ரோமை எரித்த பள்ளத்தாக்கில், எல்லா இடத்தையும் விட்டுவிட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை ஊருக்கு வெளியே மாற்றினார்கள்.

பாலடைன் பக்கம் ஓடும் சாலையின் பெயர் இன்றைக்கும் வியா தெய் செர்க்கி, சர்க்கஸ் என்ற சொல்லின் பேரன். 2016-ல் மைதானத்தின் வளைந்த முனையில் அகழ்ந்தெடுத்த பகுதியை மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். டாசிட்டஸ் தீ தொடங்கியதாகச் சொல்லும் அதே சீலியன் பக்க முனை. அங்கே நிற்பது பெரும்பாலும் ட்ராஜன் காலத்துக் கட்டுமானம். செங்கல் வளைவுகள், அதற்குள் கடைகள், கடையை ஒட்டி மேலே ஏறும் படிக்கட்டு. வெளியே கடைகளின் வாசலை ஒட்டி, கூட்டம் நடந்து வந்த கல் பாவிய தெருவும் அப்படியே இருக்கிறது.